இன்டர்ஸ்டெல்லார்: கணக்கு சரி, கடைசி அரை மணி நேரம்தான் உறுத்துகிறது

மனிதர்கள் குடியேற வேறு கோள் தேடிப் போகும் விண்வெளி வீரர்களின் கதை, கிறிஸ்டோபர் நோலனின் இந்தப் படம், 2014-இல் வந்தது. காட்பாடியில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இதன்மேல் ஆசையும் தீரவில்லை, கோபமும் தீரவில்லை.

ஒளியைக்கூட வெளியே விடாத ஒரு கருந்துளையின் ஈர்ப்பு, பக்கத்தில் காலத்தையே மெதுவாக்கிவிடும். அதன் அருகே, மலை உயரத்துக்கு அலை எழும்பும் ஒரு நீர்க்கோளில் ஒரு மணி நேரம் என்றால் பூமியில் 7 வருஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள், அங்கே ஒரு நொடி போவதற்குள் இங்கே 17 மணி நேரம் ஓடிவிடும். எஞ்சினில் தண்ணீர் புகுந்து கிளம்ப முடியாமல் அங்கே இறங்கிய வீரர்கள் நிற்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கிவிடும். கப்பலுக்குத் திரும்பினால் 23 வருஷம் போயிருக்கிறது. பூமியிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய வீடியோக்களை நாயகன் கூப்பர் வரிசையாகப் பார்க்கிறான். மகனுக்குக் குழந்தை பிறக்கிறது, தாத்தா இறந்துபோகிறார். இத்தனை நாள் பேசாமல் இருந்த மகள் கடைசியில் திரையில் வருகிறாள். அப்பா கிளம்பியபோது அவருக்கு இருந்த வயசு இப்போது அவளுக்கு. கரும்பலகையில் எத்தனை சமன்பாடு எழுதினாலும் இதை என்னால் இப்படிப் புரியவைக்க முடியாது.

கருந்துளையை இயற்பியலாளர் கிப் தோர்னின் சமன்பாடுகளை வைத்தே வரைந்தார்கள். பின்பக்கத்து ஒளி வளைந்து மேலேயும் கீழேயும் தெரிவது அபாரம். ஆனால் அதைச் சுற்றி ஓடும் ஒளித்தட்டில் நம்மை நோக்கிச் சுழலும் பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்க வேண்டும். பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று அதை விட்டுவிட்டார்கள். விட்டிருக்கவே கூடாது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு வரும் பிள்ளைகள், சனிக்கோளின் வளையத்தைப் பார்த்ததும் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் தெரியுமா? குழம்பினால் கேட்பார்கள், கேட்கட்டுமே.

அப்புறம் அந்தக் கடைசி அரை மணி நேரம். அன்பு காலத்தையும் கடக்கும் என்று கூப்பரோடு போகும் விஞ்ஞானி பிராண்ட் நடுவிலேயே பேசிவிடுகிறாள். கருந்துளைக்குள் கூப்பரும் ரோபோவும் மறுபடி அதையே நமக்கு விளக்கு விளக்கென்று விளக்குகிறார்கள். அந்த வீடியோக் காட்சியில் பார்த்தோமே, போதாதா? சில இடங்களில் ஹான்ஸ் சிம்மரின் ஆர்கன் இசையில் வசனமே அமுங்கிப்போகிறது. சப்டைட்டிலோடு பாருங்கள்.

எனக்குப் பெரிய குறை, கூப்பரின் சக வீரன் ரொமிலி. அந்த 23 வருஷமும் கப்பலில் தனியாகக் காத்திருந்தவன் அவன்தான். தாடி நரைத்து வந்து நிற்கிறான், ரெண்டு வரி பேசுகிறான், படம் அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. எப்படித் தூங்கினான், யாரோடு பேசினான், எப்போது நம்பிக்கை விட்டுப்போனது? அவனுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்திருந்தால் கடைசியில் அத்தனை வசனம் தேவைப்பட்டிருக்காது.