உச்சிப்புளி முகாமுக்குக் கருவாடு கொண்டு போகலாமா? பதவி உயர்வு விழாக்கள், பரிசுகள்: ஒரு ஒப்பீட்டு அலசல்

நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ. செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கும் மேல் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. உச்சிப்புளி கடற்படைத் தள வாசலில் எங்கள் பெரியப்பா அதை நீட்டியதும், காவலுக்கு நின்ற வடநாட்டுப் பையன் ஓரடி பின்னால் போனான். "மீனு தம்பி, காஞ்ச மீனு" என்று பெரியப்பா விளக்க விளக்க அவன் முகம் இன்னும் சுருங்கியது. கடைசியில் பை வாசல் அறையிலேயே தங்கிவிட்டது. விழா முடிந்து திரும்பியபோது அந்த அறை தொண்டி மீன் மார்க்கெட் மாதிரி மணத்துக்கொண்டிருந்தது.

அன்று எங்கள் சித்தி மகன் லெப்டினன்ட்டிலிருந்து லெப்டினன்ட் கமாண்டர் ஆனான். இரண்டு மாதம் கழித்து, திருப்பாலைக்குடியில் தெரிந்த அண்ணன் ஒருவர் ராணுவத்தில் ஹவில்தாரிலிருந்து நாயப் சுபேதாராகி லீவில் வந்தார், வீட்டில் விருந்து. இரண்டுக்கும் போனேன், இரண்டிலும் ஆளாளுக்குக் கொடுத்த பரிசுகளையும் பார்த்தேன். எது எதற்கு ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தோன்றியது இது.

முகாம் விழாவா, வீட்டு விருந்தா

முகாமில் நடப்பது சின்ன நிகழ்ச்சி. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அப்புறம் டீ, சமோசா, லட்டு. ஆனால் அந்த அரை மணிக்கு முந்தைய ஏற்பாடு பெரியது. வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே வாசலுக்குப் போயிருக்க வேண்டும். கையில் அசல் ஆதார் வேண்டும். "நானும் வர்றேன்" என்று கடைசி நேரத்தில் வேனில் ஏறும் மாமாவால் மொத்தக் கூட்டமும் வாசலில் நிற்கும். எங்களுக்கு அது நடந்தது. போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாங்காவிட்டாலும் ஓடுபாதை, விமானம், கோபுரம் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. இது 2009-ல் 'ஐ.என்.எஸ். பருந்து' என்று பெயர் பெற்ற விமானத்தளம். நம் ஊர்ப் பறவையின் பெயர் வைத்திருக்கிறார்களே என்று உரிமை கொண்டாடி செல்ஃபி எடுக்க முடியாது.

வீட்டு விருந்துக்குப் பட்டியல் இல்லை, ஆதார் இல்லை. தெருவே வரும். பிரச்சினை அங்கே வேறு: ஃபிளெக்ஸ். திருப்பாலைக்குடி அண்ணன் வீட்டு முன்னால் பதினைந்தடிக்கு ஒன்று கட்டியிருந்தார்கள். அவர் படம், பக்கத்தில் கர்ஜிக்கும் சிங்கம், பின்னால் ஹெலிகாப்டர், கீழே படைப்பிரிவின் பெயரும் அவர் வேலை பார்க்கும் எல்லை ஊரும். அவர் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்ததும் முதல் வேலையாகக் கடைசி இரண்டு வரியையும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைக்கச் சொன்னார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இதே விதிதான். 2020 ஜூலையில் தகவல் கசியக்கூடாது என்று ராணுவம் தன் ஆட்களை 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொன்னதே, அது சும்மா இல்லை. வாழ்த்துங்கள், பெயரையும் பதவியையும் போடுங்கள். எந்த யூனிட், எந்த ஊர் என்பதை விட்டுவிடுங்கள்.

உடை: முகாமுக்கு ஆண்கள் பேண்ட், முழுக்கைச் சட்டை, ஷூ. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். கடற்படை மெஸ்ஸில் 2024-ல் குர்தா பைஜாமாவை அனுமதித்தார்கள். அந்த உத்தரவு குர்தாவைப் பற்றியது, நம் வேட்டியைப் பற்றியது அல்ல. வேட்டிதான் கட்டுவேன் என்கிற பெரியவர்கள் அழைத்தவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பெண்களுக்குப் புடவை, சுடிதார் எதுவும் சரி. வீட்டு விருந்துக்கு உங்கள் இஷ்டம்.

முகாமில் நான் மறக்காத இடம் ஒன்று. தோள்பட்டையில் ஒரு பக்கம் தளபதியும் மறுபக்கம் சித்தியும் புதுப் பட்டையை மாட்ட வேண்டும். கறுப்புத் துணியில் இரண்டு பொன்கோடு, நடுவில் ஒல்லியாக இன்னொன்று. அந்த ஒல்லிக் கோடுதான் பதவி உயர்வு. தளபதி நொடியில் முடித்துவிட்டார். சித்திக்குச் சட்டையின் பித்தான் காதுக்குள் நுழையவில்லை. கை நடுங்குகிறது. சித்தப்பா உதவப் போனார், பக்கத்திலிருந்த அதிகாரியின் மனைவி அவர் கையை மெல்லப் பிடித்து நிறுத்திவிட்டார். ஒரு நிமிடம் ஆனது. யாரும் அசையவில்லை. விருந்தாளியாகப் போகிறவர் அந்த இடத்தில் செய்ய வேண்டியது அவ்வளவுதான்: சும்மா நிற்பது. கைதட்டல், ஆசீர்வாதம், காலில் விழுவது எல்லாம் தளபதி கைகொடுத்து நகர்ந்த பிறகு. சல்யூட் அடித்துக் காட்டவும் வேண்டாம். 'ஜெய்ஹிந்த்' என்றால் போதும்.

'கேப்டன்' என்று சொல்லிவிடாதீர்கள்

எங்கள் கூட்டத்தில் ஒருவர் "அடுத்து கேப்டன்தானே மாப்ள?" என்று கேட்டுவிட்டார். ராணுவத்தில் லெப்டினன்ட்டுக்கு அடுத்தது கேப்டன் என்பதால் வந்த குழப்பம். கடற்படையில் கேப்டன் என்றால் ராணுவக் கர்னலுக்குச் சமம். ராணுவக் கேப்டனுக்குச் சமமானவர் கடற்படையில் வெறும் லெப்டினன்ட். எங்கள் சித்தி மகன் கடற்படைக் கேப்டன் ஆவதற்கு நடுவே கமாண்டர் என்று ஒரு படி இன்னும் பாக்கி. மண்டபம் ஊரில் இருக்கிற கடலோரக் காவல்படையில் பெயர்களே வேறு. நாவிக், உத்தம் நாவிக், பிரதான் நாவிக் என்று ஏறி 'அதிகாரி' வரும். அந்த 'அதிகாரி' நாம் நினைக்கிற ஆபிஸர் இல்லை.

இதைவிடப் பெரிய தப்பு நாயப் சுபேதாரிடம் "இன்னும் ஆபிஸர் ஆகலையா?" என்பது. சிப்பாயாகச் சேர்ந்தவர் பல வருஷம் மாறிமாறி எல்லையில் கிடந்து, பரீட்சையும் எழுதித் தோளில் வாங்குகிற நட்சத்திரம் அது. யூனிட்டில் அவரை மரியாதையாக 'சாப்' என்றுதான் கூப்பிடுவார்கள். நம்மூரில் ஒரு வார்த்தையில் அதைக் கீழே இறக்கிவிடுவோம்.

பரிசு: எதை வாங்கலாம்

பணமா பொருளா என்பதில் நம் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. பதவி உயர்வு செய்முறைக் கணக்கில் வராது. காது குத்து, சடங்கு, கல்யாணம் எல்லாம் நோட்டில் ஏறும். திருப்பித் தர வேண்டிய கடன். திருப்பாலைக்குடியில் யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் ஐந்நூறு ரூபாய்க் கவரை நீட்ட, பின்னாலேயே வரிசை உருவாகிவிட்டது. அண்ணி நோட்டுக்குப் போவதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டு நின்றார். வீட்டு விருந்தில் நெருங்கிய உறவு என்றால் அவர் பிள்ளைகள் கையில் கொடுங்கள், மொய்யாக வேண்டாம். முகாமுக்குள் கவரே வேண்டாம். மேலதிகாரிகள் பார்க்கிற இடத்தில் பணக் கவர் நீட்டுவது பதவி உயர்வு வாங்கியவருக்குத்தான் சங்கடம்.

பொருளில் நான் வைத்த அளவுகோல் ஒன்றுதான்: கறுப்புத் தகரப் பெட்டி. படையில் இருப்பவர் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைக் காலி செய்து, எல்லாவற்றையும் அந்தப் பெட்டிகளில் அடைத்து லாரியில் ஏற்றுகிறவர். அதில் அடங்குமா, உடையாமல் போய்ச் சேருமா என்று கேட்டாலே பாதிப் பரிசுகள் கழன்றுவிடும்.

கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம் முதலில் கழன்றது. அடுத்த மாறுதலில் நொறுங்கும். அதற்குப் பதில் ஓரடிப் பித்தளைப் பெயர்ப்பலகை செய்து கொடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் 'லெப்டினன்ட் கமாண்டர்' என்று செதுக்கிவிட்டார்கள். கமாண்டர் ஆனதும் என்ன செய்வது? பெயரை மட்டும் செதுக்குங்கள்.

ஸ்மார்ட் வாட்சா சாதா வாட்சா? சாதா. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சிச் செயலியின் உலக வரைபடத்தில், படைவீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே பல நாட்டு முகாம்கள் அடையாளம் தெரிந்துபோயின. இடம் பதிவு செய்கிற கருவியைப் பாதுகாப்புக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் வேலை செய்கிறவருக்குக் கொடுத்து, அவரை அனுமதி கேட்க அலையவிட வேண்டாம். தங்க மோதிரம் ஆசைக்குச் சரி. இயந்திரத்தோடு வேலை செய்கிறவர் விரலில் மோதிரம் ஆபத்து, பீரோவில்தான் கிடக்கும். பாட்டில் வாங்கிப் போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை, கேன்டீனில் அவருக்கே ஒதுக்கீடு இருக்கிறது. பொன்னாடை: ஒன்று போதும். அண்ணனுக்குப் பதினொன்று வந்தது.

அவர் பிள்ளைகளுக்கு மிலிட்டரி டிசைன் சட்டை வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ராணுவம் 2022-ல் அறிமுகப்படுத்திய புதுச் சண்டைச் சீருடையின் வடிவத்தைப் பதிவே செய்து வைத்திருக்கிறது, வெளிக்கடைகளில் விற்கக்கூடாது என்பதற்காக. அந்த மாதிரித் துணியை ஒரு படைவீரர் வீட்டுக்கே கொண்டு போவது நன்றாக இருக்காது.

கடலோர ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று தோன்றுவது சங்கும் பவளப்பாறைத் துண்டும். வேண்டாம். பவளப்பாறை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, கடல் அட்டையும் கடல் குதிரையும் அப்படியே. சில சிப்பி வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றைக் கடத்துகிறவர்களைப் பிடிக்கிற படையில் இருப்பவருக்கு இதைப் பரிசாகக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருக்கலாம். அந்தக் காசுக்குப் பனை ஓலைக் கொட்டானோ மூடி போட்ட ஓலைப்பெட்டியோ கிடைக்கும். எடையே இல்லை, உடையாது, எந்த ஊருக்குப் போனாலும் "இது எங்க ஊர்" என்று காட்டலாம்.

என் கணக்கில் முதலிடம் அந்த ஓலைக் கொட்டானுக்குள் கீழக்கரைத் தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டி, எண்ணெய் பிரிந்து பளபளக்கிற பதத்தில் இறக்கியது. கேக் அன்றே தீரும், கிரீம் உருகும்; தொதல் சில நாள் தாங்கும், வெட்டி டீயோடு தட்டில் வைத்தால் தமிழ் தெரியாத அதிகாரிகள்கூட இரண்டாவது துண்டு கேட்கிறார்கள். கூடவே ஒரு கிலோ முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் குண்டு மிளகாய்தான். வெளியூர்க் குவார்ட்டர்ஸில் அது கிடைக்காமல் தவிக்கிற மனைவிமார் நிறைய. இந்த இரண்டையும்தான் நான் கொண்டு போனேன், பெரியப்பாவிடம் பெருமையும் பேசினேன்.

அன்று சாயங்காலம் சித்தி மருமகள் ஸ்கூட்டரில் வாசலுக்கு வந்து அந்தக் கட்டைப்பையை எடுத்துப் போயிருக்கிறாள். அவள் விசாகப்பட்டினத்துக்காரி, நெத்திலி வாசம் அவளுக்குப் புதிதல்ல. அடுத்த வாரம் போன் செய்தாள். தொதல் நன்றாக இருந்தது அக்கா, கொஞ்சம் மீதி இருக்கிறது என்றாள். மிளகாய் நல்ல உறைப்பு, கருவாட்டுக்கே பாதி போய்விட்டது என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பெரியப்பாகிட்ட இன்னொரு ரெண்டு கிலோ கிடைக்குமா?"

பெரியப்பா இப்போது என்னை எங்கே பார்த்தாலும், "நீ என்னமோ சொன்னியே" என்கிறார்.