மூன்று வருடமாக நன்றி நோட்டு எழுதுகிறேன்

2022 ஜனவரியில் கோடு போட்ட ஒரு நோட்டு வாங்கி, தினமும் படுக்கும் முன் நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுத ஆரம்பித்தேன். மூன்று வருடம் தாண்டிவிட்டது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இப்போது சொல்ல முடியும்.

முதல் பத்து நாள் நன்றாகத்தான் போனது. அப்புறம் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதே மூன்று: குடும்பம், உடல்நலம், வேலை. மனசு எங்கோ இருக்க, வாய் மட்டும் சுலோகம் சொல்வது மாதிரி. போன் ஆப் ஒன்றும் போட்டுப் பார்த்தேன். மணி அடித்ததும் தள்ளிவிட்டுப் போக மட்டுமே பழகினேன். மார்ச்சில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

திரும்ப எழுத வைத்தது ஒரு ஆய்வு. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களை 10 வாரம், வாரம் ஒருமுறை, நன்றிக்குரியவற்றை ஐந்து வரை எழுதச் சொன்னார்கள். தொல்லைகளை எழுதிய மாணவர்களைவிட இவர்களுக்கு வாழ்க்கையில் நிறைவு கூடியிருந்தது. உடற்பயிற்சிகூட அதிகம் செய்திருந்தார்கள். வாரம் ஒருமுறை போதும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். ஞாயிறு இரவுக்கு மாறினேன். கூடவே நானாக ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு ஆள், அவர் செய்த ஒரு காரியம், அவ்வளவுதான்.

எல்லாம் மாறியது அந்த விதியால்தான். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் ஒரு மணி நேரம் வரும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், வீடு திரும்பினால் வாசலில் இரண்டு குடம் தண்ணீர். எவர்சில்வர் தட்டு போட்டு மூடி, தட்டின் மேல் ஒரு கல். எதிர்வீட்டு அக்கா வைத்தது. வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய முறையில் 'அக்கம்பக்கத்தார்' என்று எழுதிவிட்டுத் தூங்கியிருப்பேன். விவரமாக எழுதும்போதுதான் அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு எத்தனை குடம், எத்தனை வேலை என்று உறைத்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். "இதையெல்லாமா தம்பி எழுதி வைப்பாங்க?" என்றார். நோட்டை வாங்கி, விரல் வைத்து, மெதுவாக இரண்டு தடவை படித்தார்.

பலிக்காததையும் சொல்லிவிடுகிறேன். தினமும் 'வேலை' என்று எழுதிய அந்த நாட்களில் கம்பெனியில் எனக்கு நான்கு மாத ஓவர்டைம் பாக்கி. வேலை இருப்பதே பெரிது என்று எழுதி எழுதி, பாக்கியைக் கேட்காமலே இருந்தேன். அது தப்பு. நன்றி வேறு, உரிமை வேறு. கேட்டு வாங்கிய பிறகுதான் அந்த வேலையை மனசார நினைக்க முடிந்தது. அதேபோல, அப்பா இறந்த மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் இதை யாரும் திணிக்க வேண்டாம்.

பெரிய பலன் நான் நினைக்காத இடத்தில் கிடைத்தது. அப்பா போன பிறகு வீட்டுப் பங்கு விஷயத்தில் அண்ணனோடு எட்டு மாதம் பேச்சில்லை. செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தில் எல்லோரும் 108-ஆவது குறளைத்தான் சொல்வார்கள். எனக்குக் கைகொடுத்தது 109: கொன்றாற்போல் தீமை செய்தவராக இருந்தாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீமை மறைந்துவிடும். ஒரு ஞாயிறு, பேனா ஓடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்து எழுதினேன்: 'நான் பாலிடெக்னிக் சேர்ந்தபோது அண்ணன் தன் சைக்கிளை விற்று ஃபீஸ் கட்டினார். ஒரு வருஷம் வேலைக்கு நடந்தே போனார்.'

அன்று இரவே போன் போட்டு அதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அட்லஸ் சைக்கிள்டா அது" என்றார். பங்கு விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவரே கூப்பிடுகிறார்.