சூடு மட்டும் போகிறதா, புகையும் சேர்ந்து போகிறதா?

முத்தோரையில் அக்கா வீட்டுச் சமையலறை. வெளியே புல்லெல்லாம் உறைபனி. விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் அக்கா மகன் கருத்தரங்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். "மாமா, டோகமாக்குக்குள்ள இருக்கிறது எந்தக் கொந்தளிப்புன்னு ஆளுக்கொரு வழியில சொல்றாங்களே, எதை நம்புறது?" என்றான்.

டோகமாக் என்பது அணுக்கரு இணைவுக்கான வளைய வடிவக் கருவி. அயனியும் எலக்ட்ரானுமாகப் பிரிந்த சூடான வாயுவை, அதாவது பிளாஸ்மாவை, காந்தப்புலத்தால் அடைத்து வைப்பது. அதன் நடுவில் பத்துக் கோடி டிகிரியைத் தாண்டும் சூடு. ஓரத்தில் அதில் சொற்பம். அந்தச் செங்குத்தான சரிவுதான் சுழல்களைக் கிளப்பிச் சூட்டை வெளியே கடத்துகிறது. சந்தேகப்பட வேண்டியவர்கள் முக்கியமாக நாலு பேர். அயனிகளின் வெப்பச் சரிவால் எழுவது ஐ.டி.ஜி. காந்தப்புலம் வலுக்குறைந்த வெளிப்பக்கத்தில் மாட்டிக்கொண்டு ஊசலாடும் எலக்ட்ரான்கள் கிளப்புவது டி.இ.எம். எலக்ட்ரான் வெப்பச் சரிவால் எழுவது ஈ.டி.ஜி. காந்தக் கோடுகளையே அறுத்து ஒட்டுவது எம்.டி.எம்.

பலரும் முதலில் பார்ப்பது, கொந்தளிப்பு நகரும் திசையை. ஐ.டி.ஜி. ஒரு பக்கம் போகும், மற்ற மூன்றும் எதிர்ப்பக்கம். மைக்ரோவேவை உள்ளே அனுப்பி, சிதறித் திரும்புவதன் டாப்ளர் விலகலை, அதாவது நகர்வால் அலைவெண் மாறுவதை, அளக்கலாம். கேட்க எளிமை. ஆனால் பிளாஸ்மா மொத்தமும் சேர்ந்தே சுற்றுகிறது. குன்னூர் இறக்கத்தில் ஓடும் பஸ்ஸுக்குள் ஒருவர் பின்னோக்கி நடந்தால், ரோட்டோரம் நிற்கிற நமக்கு அவர் முன்னால் போவதாகத்தானே தெரியும்? பஸ்ஸின் வேகத்தைக் கழிக்க வேண்டும். அதில் சின்னப் பிசகு வந்தாலும் திசையே தலைகீழாகிவிடும். இங்கே முத்தோரைச் சரிவில் 1970 முதல் இருக்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கிக்கு இந்தத் தொல்லை கிடையாது. தொலைதூர ரேடியோ மூலங்களின் மினுக்கத்திலிருந்து சூரியக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அங்கே பஸ்ஸின் வேகம்தான் வேண்டியதே.

இரண்டாவது வழி, சுழலின் அளவு. ஈ.டி.ஜி.யைப் பிரிக்க மட்டும் உதவும். கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தில் அதன் சுழல்கள் ஐ.டி.ஜி.யைவிடச் சுமார் 60 மடங்கு பொடி. ஐ.டி.ஜி.யும் டி.இ.எம்.மும் கிட்டத்தட்ட ஒரே பருமன், அங்கே இந்த வழி கைவிரிக்கும். ஈ.டி.ஜி.யோ டோகமாக்கில் அளக்கவே சிரமமான பொடி. அதனால்தான் காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தார் தங்கள் பெரிய கொள்கலக் கருவியில் காந்தப்புலத்தைக் குறைவாக வைத்து, சுழலைப் பெரிதாக்கி அளந்து, 2012இல் வெளியிட்டார்கள்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: எது கசிகிறது என்று பார்ப்பது. அடுப்படியையே காட்டினேன். கூரை ஓட்டின் இடுக்கு வழியே சூடும் போகிறது, புகையும் போகிறது. ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தால் விரல் விறைக்கிறது. அதன் வழியே சூடு மட்டும்தான் போகிறது, புகை ஒரு துளி போவதில்லை. ஈ.டி.ஜி.யும் எம்.டி.எம்.மும் கண்ணாடி ரகம், எலக்ட்ரான் சூட்டை மட்டும் கடத்தும். டி.இ.எம். துகள்களையும் சேர்த்து இழுத்துப் போகும். ஐ.டி.ஜி.யில் அயனிச் சூடுதான் அதிகம் போகும். பிளாஸ்மாவின் விளிம்புக்கு இதைக் 'கைரேகை' என்ற பெயரில் 2019இல் ஓர் அமெரிக்கக் குழு முறைப்படுத்தியது.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அடர்த்தி கூடினால் அயனியும் எலக்ட்ரானும் மோதி மோதிச் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். யார் கணக்கில் எவ்வளவு போனது என்று பிரிக்க முடியாது. சுவரிலிருந்து புதுத் துகள்கள் வந்துகொண்டே இருப்பதால் வரவுக் கணக்கும் உதைக்கும்.

"அப்ப ஐ.டி.ஜி.யா டி.இ.எம்.மானு இழுபறியா இருந்தா?"

சீண்டிப் பார்க்க வேண்டியதுதான். உறைந்த எரிபொருள் உருண்டையை உள்ளே சுட்டு அடர்த்திச் சரிவைக் கூட்டினால் ஐ.டி.ஜி. பெரும்பாலும் அடங்கும், டி.இ.எம். துள்ளும். மோதல்களைக் கூட்டினால் டி.இ.எம். தளரும். செலவு பிடித்த வழி, ஆனால் இரண்டும் எதிரெதிராக நடந்துகொள்வதால் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

அவன் திசைப் படத்தை முதல் ஸ்லைடில் வைத்திருந்தான். லேப்டாப்பைத் திறந்து அதை ஐந்தாவதுக்குத் தள்ளினான். அக்கா இன்னொரு விறகை அடுப்புக்குள் செருகினாள்.