ட்ராக்டர் வின்ச்சோடு ஆறு வருடம்: தோப்பிலிருந்து விறகு வெளியே வந்த கதை

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்புக்குள் நடந்து போக வழியில்லை. ஒரு மரத்தின் மேல் ஏறி இறங்கினால் அடுத்த மரம் கிடந்தது. தென்னை போனது பெரிய இழப்பு. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. இங்கே நான் எழுத வந்தது தோப்பின் ஓரங்களில் விழுந்த பலா, மா, புளி, வேம்பு பற்றியும், அவற்றை வெளியே கொண்டுவர நான் வாங்கிய வின்ச் பற்றியும். வின்ச் என்றால், ட்ராக்டரின் பலத்தில் இரும்பு வடத்தை டிரம்மில் சுற்றிக் கட்டையை இழுக்கும் கருவி.

ஜேசிபிக்குப் பல வாரம் காத்திருந்தோம். வந்தது, பாதையைத் திறந்தது, அதற்கு நன்றி. ஆனால் அது போன தடத்தில் சொட்டுநீர்க் குழாய் ஒன்றும் மிஞ்சவில்லை. தப்பி நின்ற தென்னைகளின் வேரையும் மிதித்துவிட்டது. தென்னைக்கு வேரெல்லாம் மேலாகத்தான் ஓடும். புயலில் ஆடி அசைந்து ஏற்கெனவே தளர்ந்திருந்த மரங்கள் அவை. "இனிமேல் உள்ளே எந்த வண்டியும் வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்போது உள்ளே கிடந்த மரத்தை என்ன செய்வது?

சங்கிலியைக் கட்டி ட்ராக்டரால் இழுக்கலாம் என்று நினைத்தோம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். 2019 தை மாதம் ஒரு புளியமரத் துண்டை இழுக்கப் போனோம். சங்கிலியை எங்கே மாட்டுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பின்னால் கைக்கு எட்டிய உயரத்தில், டாப் லிங்க் (கலப்பையின் மேல்முனையைப் பிடிக்கும் தண்டு) மாட்டும் இடத்தில் மாட்டிவிட்டேன். கட்டை வரப்பில் முட்டி நின்றது. நான் கிளட்சை விட்டதும் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஸ்டியரிங்குக்கு மேலே வானம் தெரிந்தது. காலைக் கிளட்சில் அழுத்திவிட்டேன், அதனால் வண்டி திரும்பத் தரையில் விழுந்தது. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் ட்ராக்டர் என் மேல் மல்லாந்திருக்கும்.

அதன் காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். இழுக்கிற இடம் பின் அச்சுக்கு மேலே இருந்தால், கட்டை அசையாதபோது சக்கரம் முன்னே போக முடியாது, வண்டியின் உடல்தான் அச்சைச் சுற்றிப் பின்னால் திரும்பும். அதனால் எதை இழுத்தாலும் அச்சுக்குக் கீழே, டிரெய்லர் மாட்டும் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். வின்ச் வாங்காதவர்களும் இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆவணியில்தான் வின்ச் வந்தது. வெளிநாட்டு வின்ச் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தேன். வண்டிக்கூலியோடு ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஆனது. என்னிடம் இருப்பது 45 எச்பி ட்ராக்டர். கலப்பையை மாட்டுகிற அதே மூன்று முனையில் இதையும் மாட்டி, ட்ராக்டர் இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பிடிஓ ஷாஃப்டைச் செருகினால் போதும். உள்ளே ஒரு டிரம், அதில் 10 மில்லிமீட்டர் வயர் ரோப் 45 மீட்டர். ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தால் கிளட்ச் பிடித்து டிரம் சுற்றும், விட்டால் நிற்கும். அடியில் அகலமான இரும்புத் தகடு ஒன்று. லிஃப்டை இறக்கினால் அது மண்ணைக் கடித்துக்கொண்டு நங்கூரம் மாதிரி நிற்கும். இழுப்பு முழுவதையும் சக்கரம் தாங்க வேண்டியதில்லை, தகடு தாங்கிக்கொள்ளும்.

இது 3 டன் இழுக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னார். உண்மைதான், ஆனால் ரோப் கிட்டத்தட்ட முழுவதும் வெளியே இருக்கும்போதுதான். டிரம்மில் ரோப் அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற அதன் விட்டம் கூடும், வேகமும் கூடும், இழுக்கும் பலம் குறையும். தூரத்தில் அலட்டாமல் வந்த கட்டை பக்கத்தில் வந்ததும் திணறுகிறதே என்று முதல் மாதம் முழுக்கக் குழம்பினேன். இப்போது பெரிய கட்டை என்றால் ட்ராக்டரைத் தள்ளி நிறுத்தி, ரோப்பை நீளமாக விட்டு இழுக்கிறேன். ஆனால் டிரம்மில் மூன்று சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரோப் முனையைப் பிடித்திருக்கும் கிளிப்பின் மேலேயே பாரம் முழுவதும் விழும்.

ஆறு வருடத்தில் இந்த மெஷினில் நான் கண்ட பெரிய பலன் அதன் பலமே இல்லை. ட்ராக்டர் வண்டிப்பாதையில் நிற்கிறது, ரோப் மட்டும் தோப்புக்குள் போகிறது. குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தால் போதும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடந்த பலா ஒன்று, சுற்றளவு 8 அடி, 10 அடித் துண்டு, ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். அதை ஒரு தென்னைக்கும் சேதம் இல்லாமல் கொண்டுவந்தோம். அன்று சாயங்காலம் அப்பா அந்தத் தடத்தில் நடந்து பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே எனக்குப் போதுமாக இருந்தது.

நேராக இழுக்க எல்லா இடத்திலும் வழி கிடைக்காது. இடையில் மரம் நிற்கும். அங்கேதான் கப்பி. ஒரு பக்கம் திறந்து ரோப்பை உள்ளே விடுகிற வகை கப்பியாக வாங்குங்கள். நிற்கிற மரத்தில் அதைக் கட்டித் திசையைத் திருப்பலாம். கட்டையிலேயே கப்பியை மாட்டி, ரோப்பின் முனையைத் திரும்ப ட்ராக்டர் பக்கமே கொண்டுவந்து கட்டினால் இழுப்பு இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும். கப்பியைக் கட்ட ஒருபோதும் தென்னையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சங்கிலி தண்டில் காயம் செய்தால் அந்தக் காயத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வரும். நான் வேம்பிலோ பூவரசிலோதான் கட்டுகிறேன், அதுவும் லாரிக்காரர்கள் சரக்குக் கட்டும் அகலமான பெல்ட்டில். சங்கிலி பட்டையை அறுத்துவிடும்.

கப்பி கட்டி ரோப் வளைந்து போகும்போது அந்த வளைவின் உள்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. பெல்ட் அறுந்தால் ரோப் நேராகத் தெறிக்கும், அது கடக்கும் இடம் அந்த உள்பக்கம்தான். எங்களோடு மரம் அறுக்க வரும் அண்ணன் முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறவர். ரோப் இறுகி 'கிர்ர்' என்று சத்தம் போட்டதும், "தம்பி, வடம் பேசுது, தள்ளி வா" என்பார். நடு ரோப்பில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவைப்பது எங்கள் வழக்கம். அறுந்தாலும் அந்தக் கனம் அதைக் கொஞ்சம் கீழே அழுத்தும். அதை நம்பிப் பக்கத்தில் போய் நிற்பதில்லை.

பிடிஓ ஷாஃப்ட் பற்றியும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் கம்பி அது. நம் ஊரில் வேலைக்கு வருகிறவர்கள் கைலி கட்டியிருப்பார்கள், தோளில் துண்டு இருக்கும். நுனி சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது. ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாமல் நான் வண்டியை எடுப்பதே இல்லை. முதல் உறை இரண்டாவது வருடம் வெயிலில் உடைந்தது. புது உறை வரும் வரை நான்கு நாள் வேலையை நிறுத்தினேன். கூலிக்கு வந்த மாமா ஒருவர், "இதுக்கெல்லாமா நிறுத்துவாங்க" என்றார். நிறுத்தத்தான் வேண்டும்.

இனி கட்டையை இழுப்பது. வெட்டிய முகம் சதுரமாக இருந்தால் அது மண்ணைத் தோண்டிக்கொண்டே வரும், வரப்பைக் கண்டால் முட்டி நிற்கும். மரம் அறுக்கும் மெஷினை ஓட்டி முகத்தின் ஓரத்தைச் சுற்றிலும் சீவிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் இன்னொன்றும் செய்கிறேன்: பழைய 200 லிட்டர் பேரலைப் பிளந்து விரித்து, ஒரு முனையை மேலே வளைத்து, கட்டையின் தலையை அதன் மேல் ஏற்றிவிடுவேன். சறுக்கிக்கொண்டு வரும். கட்டை எங்கேயாவது மாட்டினால் ஆக்சிலரேட்டரைக் கூட்டக் கூடாது. இறங்கிப் போய், சங்கிலியின் முடிச்சைப் பக்கவாட்டுக்கு மாற்றிக் கட்டினால், இழுக்கும்போது கட்டை ஒரு புரளு புரண்டு தானாக விடுபடும்.

பாதைக்கு வந்ததும் கட்டையின் தலையை வின்ச் தகட்டோடு ஒட்டிக் கட்டி, லிஃப்டைத் தூக்கி, அது தரையைத் தொடாமல் களத்துக்கு இழுத்துப் போகிறேன். இதில் பாரம் பின்னால் ஏறுவதால் முன்பக்கம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடிக்காது. முன்னால் வெயிட் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. தலையைத் தூக்கி இழுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. செம்மண்ணில் முழுக்கப் புரண்டு வந்த கட்டையின் பட்டைக்குள் மணல் ஏறிவிடும். அதை அறுத்தால் மரம் அறுக்கும் மெஷினின் செயின் பத்து நிமிடத்தில் மழுங்கிவிடும். இது தெரியாமல் முதல் வருடம் செயினுக்குச் செலவழித்த பணத்தில் நல்ல கப்பி ஒன்று வாங்கியிருக்கலாம்.

வேரோடு சாய்ந்த மரத்தை அறுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்டு விழுந்து கிடக்கும், வேர்த்தூர் மண்ணோடு செங்குத்தாக நிற்கும். தண்டை அறுத்து விட்டதும் பாரம் போய், தூர் மட்டும் படாரென்று திரும்பக் குழிக்குள் உட்காரும். அந்தக் குழி பிள்ளைகள் விளையாடுகிற, ஆடு ஒதுங்குகிற இடம். அறுப்பதற்கு முன்னால் குழியை எட்டிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. பெரிய தூராக இருந்தால் ரோப்பால் தூரைப் பிடித்துவைத்துக்கொண்டு அறுத்து, பிறகு மெதுவாக விடுவோம்.

பழுது என்று பார்த்தால் ரோப்தான் முதல் இடம். முதல் ரோப் இரண்டு வருடத்தில் போனது, தப்பு என்னுடையது. வேலை முடிந்ததும் பாரமில்லாமல் தளர்வாகச் சுற்றிவைப்பேன். அடுத்த நாள் பாரம் ஏறும்போது மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து நசுங்கியது. இப்போது கடைசியாக ஒரு சின்னக் கட்டையையாவது கட்டி, இறுக்கமாகச் சுற்றுகிறேன். ரோப்பில் இழை அறுந்து முள் மாதிரி நிற்கும். தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

நடுவில் ஒரு வருடம் நைலான் மாதிரி இருக்கும் செயற்கை ரோப் போட்டுப் பார்த்தேன். அதன் லேசுக்கு ஈடில்லை. பள்ளிக்கூடம் போகும் என் தம்பி மகன்கூட ஒற்றைக் கையால் தோப்பின் மறுமுனைக்கு இழுத்துப் போனான். ஆனால் எங்கள் மண்ணில் சரளை அதிகம். உரசி உரசி நார் பஞ்சாகிவிட்டது. வழவழப்பான மண் உள்ளவர்களுக்கு அது ஒத்துவரலாம். நான் இரும்புக்கே திரும்பிவிட்டேன்.

கிளட்ச் பிளேட் நான்காவது வருடம் மாற்றினேன். உள்ளே இருக்கும் செயினின் தளர்வை ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் சரிசெய்ய வேண்டும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டுகூடப் பிளேட்டில் படக் கூடாது. பட்டால் வழுக்கும். ஷாஃப்ட் மடங்கும் இணைப்பான கிராஸுக்குக் கிரீஸ். அவ்வளவுதான் பராமரிப்பு. டீசல் ஒரு முழு நாள் வேலைக்கு 12 முதல் 15 லிட்டர் வரை ஆகிறது. குறை என்றால், என்னுடையதில் ரோப்பை வழிகாட்டிச் சீராகச் சுற்றவைக்கும் அமைப்பு இல்லை. சாய்வாக இழுத்தால் ஒரு பக்கமே குவிந்துவிடும். திரும்ப வாங்கினால் அந்த அமைப்பும், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உயரமான கம்பி வலையும் கேட்டு வாங்குவேன். வலையை நான் பிறகு வெல்டிங் பட்டறையில் தனியாக வைத்துக்கொண்டேன்.

விறகைப் பற்றி. நேரான பலாவை நாங்கள் விறகாக்கவில்லை, கதவு நிலைக்குப் போனது. வீணை செய்கிற மரத்தை அடுப்பில் வைக்க மனம் வராது. கிளையும் பொக்கையும் மட்டும் விறகு. புளி நின்று எரியும், ஆனால் நார் பின்னிக் கிடப்பதால் பிளக்க உயிர் போகும். பச்சையாக இருக்கும்போதே ஆப்பு வைத்துப் பிளந்துவிட வேண்டும். மா லேசு, சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும். தென்னைத் தண்டு ஈரம் பிடித்துக்கொண்டு புகையும். பிளந்து குறுக்கும் நெடுக்குமாகக் காற்றோட்டமாக அடுக்கி, ஒரு கோடை முழுக்க விட்டால் தூக்கும்போதே கனம் குறைந்தது தெரியும். வீட்டு வெந்நீர், நெல் அவிப்பது போக மீதியைக் கல்யாணச் சமையலுக்கும் சூளைக்கும் எடைமேடையில் போட்டு டன் கணக்கில் கொடுத்தோம். வின்ச்சுக்குப் போட்ட பணம் மூன்றாவது வருடம் திரும்பி வந்தது. அதில் பாதி அக்கம்பக்கத்துத் தோப்புகளில் நான் வாடகைக்கு இழுத்துக் கொடுத்ததால் வந்தது.

ஐந்தாறு மரம் மட்டும் வைத்திருப்பவர் இதை வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். தோப்பும் ஓரக்காடும் உள்ளவர்கள், நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு மெஷினை மட்டும் கொடுத்தனுப்புவதில்லை, நானும் கூடப் போகிறேன். போன வாரம் சித்தப்பா வந்து, "கிணத்து மேட்டு வேம்பு சாஞ்சு பக்கத்து மாமரத்துல மாட்டிக்கிட்டு நிக்குது, ஆடிக் காத்துக்கு முன்னாடி இறக்கிரலாமா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். நாற்பது மீட்டர் தள்ளிப் பாதையில் ட்ராக்டர் நிறுத்த இடம் இருக்கிறது, கப்பி கட்டப் பூவரசு இருக்கிறது. ரோப்பில் இரண்டு இடத்தில் இழை அறுந்திருப்பதால் புது ரோப் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்து இறக்க வேண்டும்.