வயர்லெஸ் திருட்டு அலாரம்: எல்லாம் சரி, அந்த வாசல் கதவைத் தவிர

திருவொற்றியூரில் சிசிடிவி வேலை பார்க்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "இன்னா தல, இந்த வயர்லெஸ் அலாரம் வேலைல எறங்கலாமா? காசு நிக்குமா?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் அவனுக்கான பதிலை இங்கே எழுதுகிறேன். தண்டையார்பேட்டையில் என் வீட்டில் சில வருடமாக ஓடுவதும், நான் வெளியே பொருத்திக் கொடுப்பதும் ஒரே வகை செட்தான். அதனால் இதில் தொழில்காரன் பேச்சும் இருக்கும், வீட்டுக்காரன் எரிச்சலும் இருக்கும். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பெரும்பாலும் இந்த வகை செட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும்.

பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடி, ராயபுரம் பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. தேக்கு உத்தரம், அதன்மேல் சுண்ணாம்புக் கலவையில் நெட்டுக்குத்தாக அடுக்கிய செங்கல், கீழே சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். இந்தச் சுவரில் வயர் அலாரத்துக்காகப் பைப் பதிக்க ஒரு கோடு வெட்டினால், வெட்டிய கோட்டோடு நிற்காது. பக்கத்தில் ஒரு முழம் பூச்சு பொலபொலவென்று கொட்டும். கொத்தனாருக்குக் காசு, பெயின்டருக்குக் காசு, வீட்டுக்காரருக்கு வருத்தம். சுவர்மேல் பிளாஸ்டிக் பட்டைக்குள் வயரை மூடும் கேசிங் கேப்பிங் அடித்தால் "ஹால் அசிங்கமாயிடுச்சு தம்பி" என்பார்கள். இப்படிப்பட்ட வீடுகளில் அலாரம் வேலையே வேண்டாம் என்று திரும்பி வந்த காலம் உண்டு. இப்போது ஒரு பையோடு தனியாளாகப் போய், மதிய சாப்பாட்டுக்கு முன் வேலையை முடித்துவிட்டு வருகிறேன். உதவிக்கு ஆள் கூலி இல்லை. வாடகை வீட்டுக்காரர்களும் தைரியமாகப் போடச் சொல்கிறார்கள். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடலாமே.

ரேடியோவும் முன்பு போல் இல்லை. ஆரம்பத்தில் வந்த மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார்கள் கத்திவிட்டுப் போய்விடும், பேனலுக்கு (எல்லா சென்சாரையும் கேட்டு சைரன் அடிக்கும் நடுப்பெட்டி, வயர்லெஸ் செட்டில் ஹப் என்பார்கள்) கேட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பலவற்றில் மாறாத ஒரே சங்கேத எண்தான், யாராவது பதிவு செய்து திரும்ப அனுப்பினால் பேனல் நம்பிவிடும். இப்போதைய செட்டுகள் இருவழியில் பேசுகின்றன. சென்சார் சொன்னால் பேனல் "கேட்டேன்" என்று பதில் அனுப்பும். சென்சார் ரொம்ப நேரம் குரல் கொடுக்கவில்லை என்றால் பேனலே புகார் சொல்லும். ஒன்று மட்டும் கவனம். நம் நாட்டில் இந்தப் புது செட்டுகள் பேசும் பக்கத்தில் லைசென்ஸ் இல்லாமல் விட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. ஐரோப்பாவுக்காகச் செய்த செட்டுகள் பெரும்பாலும் 868-ஐத் தாண்டி உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்ததைப் பொருத்தித் தரச் சொன்னால் ஸ்டிக்கரில் மெகாஹெர்ட்ஸைப் பார்க்காமல் கை வைக்காதே.

வாசல் கதவைத் தவிர மற்ற தொல்லைகள் பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. இரும்பு கிரில் கேட்டில் கதவு சென்சாரோடு வரும் மேக்னட்டை நேரடியாக ஒட்டினால் இரும்பு அதன் இழுப்பைத் தின்றுவிடும், சென்சாரின் சிக்னலும் குறையும். அடியில் பிளாஸ்டிக் கட்டை கொடுத்தால் சரி. உடம்புச் சூட்டை வைத்து நடமாட்டம் கண்டுபிடிக்கும் பிஐஆர் சென்சாருக்குக் கத்திரி வெயில் ஆகாது. சுவரும் மனிதனும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் அதற்கு வித்தியாசம் தெரியாது. நடந்து பார்க்கும் சோதனையை ராத்திரி ஏசி போட்டுவிட்டுச் செய்யாமல், மே மாத மதியத்தில் ஃபேன் மட்டும் ஓடும்போது செய்ய வேண்டும். பல்லி நேரே அந்த சென்சாரின் லென்ஸ் மேல் ஏறினால் சைரன் அடிக்கும், அதற்கு மருந்தில்லை. ஹப்பை பீரோவுக்குள் வைக்கச் சொன்ன ஒரு அம்மாவும் உண்டு. "திருடன் கண்ணுல படாது பாரு தம்பி." படாதுதான், சிக்னலும் வெளியே வராது.

இப்போது வாசல் கதவுக்கு வருகிறேன்.

அட்டைப்பெட்டியில் கதவு சென்சாருக்கு "பேட்டரி ஆயுள் 5 ஆண்டு" என்று போட்டிருக்கிறது. எந்த ஊர்க் கதவை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று தெரியவில்லை. காலையில் பூட்டி, மாலையில் திறக்கும் கதவாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு வாசல் கதவு விடியலில் கோலத்துக்குத் திறந்தால் அப்புறம் ஓய்வே கிடையாது. பால், பேப்பர், மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் குடத்தோடு உள்ளே வெளியே, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், மீன்காரம்மா, கேஸ், மாடியில் குடியிருப்பவர்கள். அலாரத்தை அணைத்து வைத்திருந்தாலும் சென்சார் சும்மா இருக்காது. ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு தகவல், ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு தகவல். சிக்னல் கொஞ்சம் பலவீனமாக இருந்தால் பவரைக் கூட்டி மறுபடி அனுப்பும். வாசல் என்பது பெரும்பாலும் ஹப்பிலிருந்து ரொம்பத் தள்ளி, நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்புக் கேட். ஐந்து வருடம் என்பது என் வீட்டில் ஒரு வருடத்தைத் தொடவே மூச்சு வாங்கியது.

சரி, தீரட்டும், முன்கூட்டிச் சொன்னால் மாற்றிவிடலாம். அதுவும் இல்லை. இதில் போடுவது சிஆர்123ஏ என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. சக்தி பெரும்பகுதி தீரும்வரை அதன் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். வோல்டேஜை வைத்துச் சதவீதம் காட்டும் ஆப் என்ன செய்யும்? மாதக்கணக்கில் நல்ல எண்ணாகக் காட்டிவிட்டு, திடீரென்று ஒரு நாள் கையை விரிக்கும். அந்த எண்ணை நம்பி ஒருவருக்கும் வாக்குக் கொடுக்காதே.

எரிச்சல் இன்னும் முடியவில்லை. பேட்டரி குறைந்தது என்ற அறிவிப்பு குடும்பத்தில் ஆப் வைத்திருக்கும் எல்லோருக்கும் போகிறது. ராயபுரத்தில் ஒரு வீட்டில் மகன் துபாயில் இருக்கிறார். அங்கே அவர் வேலை முடிந்து போனைப் பார்க்கும்போது இங்கே நடுநிசி. அவர் பதறி அம்மாவை எழுப்புவார், அம்மா பதறி என்னை எழுப்புவார். "தம்பி, கதவு சென்சார் செத்துப்போச்சாம், யாராவது கழட்டிட்டானா?" யாரும் கழற்றவில்லை அம்மா, பேட்டரிதான். காசிமேடு பக்கம் என்றால் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. பேட்டரி நன்றாக இருந்தாலும் அது உட்காரும் ஸ்பிரிங்கில் பச்சை பூத்து நிற்கும். துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, திரும்பப் போட வேண்டும். இன்னொரு வீட்டில் அதே சைஸில் இருக்கிறதே என்று டார்ச்சுக்குப் போடும் ரீசார்ஜபிள் செல்லைத் தாங்களாகவே போட்டுவிட்டார்கள். அது முழு சார்ஜில் 4.2 வோல்ட். சென்சார் போயே போச்சு.

வயர் காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. கதவுக்கு மேக்னட்டில் வேலை செய்யும் ஒரு ரீட் சுவிட்ச், அதற்கு ஒரு ஜோடி வயர், பேனலில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கரன்ட் போனபோது என் வீட்டு வயர்லெஸ் ஹப்பின் உள் பேட்டரி முதல் ராத்திரியைத் தாண்டவில்லை. சென்சார்கள் எல்லாம் உயிரோடு இருந்தன, பேசுவதற்குத்தான் ஆளில்லை.

அதனால் இப்போது வெளி வேலைகளுக்கு வயர்லெஸ்ஸோடு இரண்டு வயர் ஜோனாவது (வயர் சென்சார் இணைக்கும் இடம்) இருக்கும் ஹைப்ரிட் பேனலாகப் பார்த்து வாங்குகிறேன். வாசல் கதவுக்கு மட்டும் வயர், மற்றதெல்லாம் வயர்லெஸ். என் வீட்டு ஹப்பில் வயர் ஜோன் இல்லை. கடுப்பில் வாசல் சென்சாரைக் கழற்றி மொட்டைமாடிக் கதவுக்கு மாற்றிவிட்டேன். அங்கே வாரத்துக்கு ஒருமுறை வடகம் காயப்போடப் போவதோடு சரி, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அலாரம்காரன் வீட்டு வாசலில் அலாரம் இல்லை என்று மனைவி சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

காசு நிற்குமா என்றால், நிற்கும். பெட்டி விலை வயர் செட்டைவிடக் கூடுதல், ஆனால் கூலி மிச்சத்தில் அது ஈடாகிவிடும். ஒரே சங்கடம், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று பார்த்துத்தான் கூலி தருகிறார்கள். இரண்டு பேர் இரண்டு நாள் சுவரை உடைத்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்தவர்கள், "ரெண்டு மணி நேரத்துல ஒட்டிட்டுப் போற, அதுக்கா இவ்ளோ?" என்கிறார்கள். இறங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. நேற்று ராத்திரியும் துபாய் போன் வந்தது, அதனால் இருக்கலாம். அடுத்த வாரம் பெரம்பூரில் ஒரு வீட்டுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறேன், அதுவும் வயர்லெஸ்தான்.

நீ இறங்குவதென்றால் பில்லில் பேட்டரியைத் தனி வரியாக எழுது. வாசல் கதவுக்கும் வயர்லெஸ்தான் என்றால் வருடம் ஒன்று, செலவு அவர்களுடையது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடு. வாய்ப்பேச்சாக விட்டால், "அஞ்சு வருஷம்னு போட்டிருக்கே" என்று பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கிக் காட்டுவார்கள். பில்லைத் தொலைப்பவர்கள்கூட அந்தப் பெட்டியைத் தொலைப்பதில்லை.