சொங்க்யேசொன்: பகலுக்குக் கீழோடை, இரவுக்கு மேலோடை

சியோலுக்குப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: சொங்க்யேசொன் ஓடையைப் பகலில் பார்க்கலாமா, இரவில் பார்க்கலாமா? பெரும்பாலும் வரும் பதில், “இரவில் போ, விளக்கு வெளிச்சத்தில் அழகாக இருக்கும்” என்பதுதான். அந்தப் பதில் பாதிக்குத்தான் சரி. மீட்டெடுத்த ஓடையின் நீளம் 5.8 கிலோமீட்டர். மேற்கே சொங்க்யே சதுக்கத்தில் தொடங்கும் முதல் இரண்டு கிலோமீட்டருக்கும், கிழக்கே நாணல் அடர்ந்த கடைசி இரண்டு கிலோமீட்டருக்கும் ஒரே பெயர் என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. மேல்பகுதி இரவுக்கு ஏற்றது, கீழ்ப்பகுதி பகலுக்கு. இதை மாற்றிப் போனவர்கள்தான் “இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று திரும்பி வருகிறார்கள்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1958 முதல் இந்த ஓடையின் மேல் கான்கிரீட் போட்டு மூடினார்கள். 1960களின் இறுதியில் அதன் மேலேயே உயர்மட்டச் சாலையும் எழும்பியது. 2003 ஜூலையில், லீ ம்யுங்-பாக் நகர மேயராக இருந்தபோது, அந்தச் சாலையை இடிக்கத் தொடங்கினார்கள். 2005 அக்டோபர் 1 அன்று ஓடை திறந்துவிடப்பட்டது. இரண்டே கால் ஆண்டில் முடிந்த வேலை.

முதலில் மேலோடை, பகலில். சொங்க்யே சதுக்கத்தில் கிளாஸ் ஓல்டன்பர்க்கும் கூஸ்யே வான் புருகனும் செய்த 20 மீட்டர் உயரச் சங்கு வடிவச் சிற்பம் நிற்கிறது. அதைத் தாண்டி, படியிறங்கினால் சின்ன அருவி. மதிய நேரத்தில் அலுவலகக்காரர்கள் காபிக் கோப்பையோடு கரையில் உட்கார்ந்திருப்பார்கள். நல்ல காட்சிதான். ஆனால் உச்சி வெயிலில் இந்தப் பகுதியின் நேர்கோட்டுக் கல்சுவர்கள் கண்ணை உறுத்தும். இது ஊற்றிலிருந்து தானாக வரும் நீர் இல்லை என்பதும் அப்போதுதான் உறைக்கும். ஹான் ஆற்றிலிருந்து நாளுக்குச் சுமார் 1,20,000 டன் நீரை இறைத்து, சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரையும் சேர்த்து இங்கே விடுகிறார்கள். ஆழம் முழங்கால் அளவுதான். எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனாலும் பகலில் இங்கே நின்றால், ஓடையைவிட அதற்குப் பின்னால் இருக்கும் பொறியியல்தான் முதலில் கண்ணில் படுகிறது.

இரவில் இதே இடம் ஆளே மாறிவிடுகிறது. ஓடை, தெருமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருப்பதால் மேலே போகும் பேருந்தும் காரும் பார்வையில் படாது. இருட்டியதும் சுவர்களின் கறார்த்தனம் மறைந்துவிடும். பாலங்களுக்கு அடியில் வைத்த விளக்கு நீரில் பட்டு, வளைவின் அடிப்பக்கத்தில் வலைவலையாக அசையும். ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தி அதையே பாருங்கள். அப்புறம் அந்தச் சத்தம். அருவியும், வழியில் போட்டிருக்கும் தாவுகற்களைத் தாண்டும் நீரும் சேர்ந்து நகரத்தின் இரைச்சலை அமுக்கிவிடும். வேலை முடிந்து வந்தவர்கள் செருப்பைக் கழற்றி, காலை நீரில் விட்டு, எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு சாலையை ஏன் இடித்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

மேலோடை இரவுக்குத்தான் என்றேன். அதிலும் இரண்டு விதிவிலக்குகள். ஒன்று, குவாங்தோங் பாலம். 1410-இல் தேஜோங் மன்னர் இதைக் கல்லால் கட்டியபோது, கற்களை எடுத்த இடம் சின்தொக் அரசியின் கல்லறை. அவர் மன்னருக்குச் சிற்றன்னை. பட்டத்துக்கு யார் என்ற சண்டையில் இருவரும் எதிரெதிர் அணி. பாலத்துக்கு அடியில் போய்ச் சுவரைக் கிட்டத்தில் பாருங்கள்: சுருள் சுருளான மேகச் செதுக்கல், அதன் நடுவே கைகூப்பிய ஓர் உருவம். அந்தக் கல் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது. ஊரே மிதித்து நடக்கும் பாலத்துக்கு அடியில், தலைகீழாக, அறுநூறு ஆண்டுகளாக. இரவு விளக்கில் நிழல் விழுந்து செதுக்கல் பாதி மறைந்துவிடும். சாயங்கால வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, கரைச் சுவரில் ஓடுகளால் பதித்த நீண்ட ஊர்வலப் படம். ஜொங்ஜோ மன்னர் 1795-இல் தாயாரின் அறுபதாம் ஆண்டு விழாவுக்கு அவரோடு ஹ்வாசொங் கோட்டைக்குப் போன காட்சி. குதிரைகளின் நிறத்தையும் ஆட்களின் வரிசையையும் பார்த்துக்கொண்டே நடக்கவும் பகல்தான் வேண்டும்.

இனி கீழோடை. பழைய நகரின் கிழக்கு வாயிலான தோங்தேமுன் தாண்டியதும் சுவர்கள் விலகி, கரை சாய்ந்து, நாணலும் வில்லோ மரங்களும் வந்துவிடும். பகலில் வெண்கொக்கும் சாம்பல் நாரையும் நடு நீரில் ஒற்றைக் காலில் நிற்கும். கெண்டை மீன்கள் பாலத்து நிழலில் ஒதுங்கியிருக்கும். இன்னும் கிழக்கே போனால் உயர்மட்டச் சாலையின் தூண்கள் மூன்றை இடிக்காமல் நினைவுக்காக விட்டிருக்கிறார்கள். பசுமைக்கு நடுவே எதையும் தாங்காமல் நிற்கும் அந்தத் தூண்களைப் பார்த்த பிறகுதான், இங்கே என்ன இருந்தது என்ற அளவு மனதில் பதியும். அருகிலேயே சொங்க்யேசொன் அருங்காட்சியகம். அதன் எதிரே, கொரியப் போருக்குப் பின் இங்கே நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைகளின் பலகைக் குடிசைகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். இருட்டிய பின் இவற்றில் ஒன்றும் தெரியாது. வெளிச்சமும் குறைவு, கடையும் குறைவு. உள்ளூர்க்காரர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

நடுப்பகுதி எந்த நேரத்துக்கும் தோதுப்படும். ப்யொங்ஹ்வா துணிச் சந்தையை ஒட்டிய பாலத்தில் ஜொன் தே-இல் சிலை இருக்கிறது. தையல் கூடங்களில் தொழிலாளர் சட்டத்தை மதிக்கச் சொல்லி 1970 நவம்பர் 13 அன்று தீக்குளித்த 22 வயதுத் தொழிலாளி. அங்கே எந்த நேரமானாலும் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். மொத்தத் துணி வியாபாரம் இந்தப் பக்கம் இரவில்தான் சூடு பிடிக்கும் என்பதால், மூட்டைகளையும் பைக்குகளையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரவு கூடுதல் லாபம். குவாங்ஜாங் சந்தையும் பக்கம்தான். பச்சைப்பயறை அரைத்து, எண்ணெயில் மொறுமொறுவென்று சுடும் அடைக்காகவாவது மேலே ஏறுங்கள்.

வெயில் விஷயத்தில் ஒரு தகவல்: ஓடைக்கரையின் வெப்பம், சற்றுத் தள்ளியிருக்கும் இணைச் சாலையைவிட 3.3 முதல் 5.9 டிகிரி வரை குறைவாக அளந்திருக்கிறார்கள். ஆனாலும் கோடை நண்பகலில் மேலோடையில் நிழல் போதாது. மழை வந்தால் பகலோ இரவோ, உடனே மேலே ஏறிவிட வேண்டும். கரைச் சுவரில் வரிசையாக இருக்கும் கதவுகள் மழைநீருக்காகத் திறந்துகொள்ளும், நீர்மட்டம் சட்டென்று உயரும். பகலில் போனால் அந்தக் கதவுகள் எங்கே இருக்கின்றன, எந்தப் படி அருகில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். சரிவுப் பாதைகள் எல்லா இடத்திலும் இல்லை, படிகள்தான் அதிகம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் பகலையே தேர்ந்தெடுங்கள். குளிர்கால விளக்குத் திருவிழா நாட்களில் மேலோடையில் ஆள்மேல் ஆள் நகர வேண்டியிருக்கும். அமைதிக்காக வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

சரி, ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்? எல்லாரும் சதுக்கத்தில் தொடங்கிக் கிழக்கே இறங்குகிறார்கள். நீங்கள் திருப்பிப் போடுங்கள். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போது யோங்து சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, அருங்காட்சியகத்தின் பக்கமிருந்து நீருக்கு எதிராக மேற்கே நடங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகம் மூடியிருக்கும். நாரைகளும் தூண்களும் நல்ல வெளிச்சத்தில் கிடைக்கும். அதிகம் நிற்காமல் வந்தால் கடைசி வெளிச்சத்திலேயே தலைகீழ்க் கல்லையும் பார்த்துவிடலாம். அங்கிருந்து அருவி கொஞ்ச தூரம்தான். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் விளக்குகளைப் போட்டிருப்பார்கள்.