மோரிஸ் மைனருக்கு கலர் கலந்து தந்த கடை

கல்லடியில எங்கட வளவுக்க தகரக் கொட்டில் ஒண்டு போட்டு அப்பாட 64ஆம் ஆண்டு மோரிஸ் மைனர நானும் மச்சானும் ரெண்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா திருத்திக்கொண்டு வாறம். 1098 சிசி எஞ்சின் வேலை முடிஞ்சிது, கறள் புடிச்ச இடமெல்லாம் வெட்டி ஒட்டி டிங்கர் வேலையும் முடிஞ்சிது, கடைசியா பெயிண்ட்ல வந்து நிண்டது. அதுக்கு கலர் கலந்து தந்த மட்டக்களப்பு டவுன் கடையப் பத்தித்தான் எழுதுறன், பழைய கார் வெச்சிருக்கிற ஆக்கள் கட்டாயம் வாசிங்க.

நான் போய்க் கேட்டது 2கே பெயிண்ட், ஹார்ட்னர் எண்ட இறுக்கிற மருந்தும் சேத்துக் கலந்து அடிக்கிறது. மினுக்கம் கூட, கனகாலம் நிக்கும். கடைக்கார அண்ணன் உடனே எடுத்துத் தரல்ல, "எங்க வெச்சி அடிக்கப் போறீங்க தம்பி, மூஞ்சிக்கு என்ன போடுவீங்க" எண்டு கேட்டாரு. வீட்டுலதான், துணி மாஸ்க்தான் எண்டன். அப்ப வேணாம் எண்டுட்டாரு. 2கே ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு, அது நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்துமா வரும், குழாயில நல்ல காத்து வாற மாஸ்க் இல்லாம அடிக்கவே கூடாது எண்டு விளங்கப்படுத்தி, ஹார்ட்னர் தேவைப்படாத என்சி (நைட்ரோசெலுலோஸ்) பெயிண்ட் தந்தாரு, அதுக்கும் கார்பன் பில்டர் மாஸ்க் வாங்க வெச்சாரு. விலை கூடின சாமான விக்கிறத விட்டுட்டு வாங்க வந்தவன்ட உசிரப் பாத்தாரு, எனக்கு அது பெரிய விசயம்.

கலர்தான் கஷ்டமான வேலை. எங்கட கார்ல மேல மெரூன், சுரண்டினா வெள்ளை, அதுக்கும் கீழ ஒரிஜினல் ஸ்மோக் கிரே. பேருதான் கிரே, பாத்தா விடியக்காலத்து வாவித் தண்ணி மாதிரி மங்கின நீலம். கம்பனிக் கலர் கோட் பியூ 15 (BU 15), அது அவங்கட கம்பியூட்டர்ல இல்ல. மைனர்ட மட்கார்ட் போல்ட்லதானே நிக்கிது, ஒண்டக் கழட்டி ஆட்டோவில போட்டுக்கொண்டு போனன், பொடிக்கும் மட்கார்டுக்கும் நடுவுல வாற பீடிங் பட்டி மறைச்சிருந்த விளிம்பில வெயில் படாம அந்தக் கலர் அப்படியே இருந்திச்சி. அவரு கண்ணாலயே பாத்துக் கலந்தாரு. ஒவ்வொரு தரமும் தகரத் துண்டுல அடிச்சி, காய விட்டு, றோட்டுக்குக் கொண்டு போய் வெயில்ல வெச்சி ஒப்பிட்டுப் பாத்தாரு, ஈரத்துல ஒரு கலர் காய்ஞ்சா வேற கலர் எண்டு. அரை நாள் போயிட்டு. அடிச்ச மட்கார்டப் பாத்துட்டு அப்பா, நான் வாங்கக்குள்ள இந்தக் கலர்தான்டா எண்டாரு.

பெயிண்ட இளக்கிற தின்னருக்கும் அவர்ட பேச்சக் கேளுங்க. நான் சாதாரண தின்னர ஊத்தி மழை இருட்டின ஒரு பின்னேரம் பொனட்டுக்கு அடிச்சன், பத்து நிமிசத்துல பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போயிட்டு. தின்னர் கெதியா ஆவியாகி தகரம் குளிர, ஈரக்காத்துல இருக்கிற தண்ணி பெயிண்ட்ல படிஞ்சிடுது. வாவிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற நமக்கு இது வராம இருக்காது. மெதுவா காயிற ரிட்டாடர் தின்னர் தந்தாரு, மறுகா வெயில் ஏறின காலையில, கச்சான் காத்து புழுதியக் கிளப்ப முதல் அடிச்சன், சுத்தமா வந்திச்சி.

ஒரு குறை இருக்கு. 3 லீட்டர் முடிஞ்சி இன்னொரு லீட்டர் வாங்கினன், அது கொஞ்சம் இருட்டு. கதவுக்கு அடிச்ச பிறகுதான் கண்டன். கொண்டு போய்க் காட்டினன், மறுத்துப் பேசாம காசில்லாம திருப்பிக் கலந்து தந்தாரு, ஆனா கதவ மறுபடி வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க எனக்கு ஒரு கிழமை போயிட்டு. கண்ணால கலக்கிற கலர் ரெண்டாம் தரம் அச்சா வராது, அதால கதவு, பொனட், டிக்கி எல்லாத்துக்கும் சேத்துக் கணக்குப் பாத்து ஒரே தரத்துல கலக்கச் சொல்லுங்க, கல்லுப் பட்டா தொட்டு அடிக்க அரை லீட்டர் மேலதிகமா எடுத்து வைங்க.